ஊருக்கு ஒருவர்தான், நாடெங்கும் ஷுல்ட்ஸ்

2017 தேர்தலில் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி சான்சலர் பதவிக்கு மார்ட்டின் ஷுல்ட்ஸை நிறுத்தியது. தோற்றார். 2021-ல் அதே கட்சி ஓலாஃப் ஷோல்ட்ஸை நிறுத்தியது. இவர் வென்று அந்த ஆண்டு டிசம்பரில் பதவியேற்றார். இருவரும் சொந்தக்காரர்கள் அல்ல. ஆனால் ஷுல்ட்ஸ், ஷோல்ட்ஸ் இரண்டும் ஒரே பெயர்தான், வட்டார உச்சரிப்பில்தான் வேறுபாடு. பொருள், ஊர்த் தலைவர். வேடிக்கை என்னவென்றால், இருவருமே நிஜமாகவே ஊர்த் தலைவர்களாக இருந்தவர்கள். மார்ட்டின் ஷுல்ட்ஸ் 1987 முதல் 1998 வரை வ்யூர்ஸெலன் என்ற சிறு நகரத்தின் மேயர். ஓலாஃப் ஷோல்ட்ஸ் 2011 முதல் 2018 வரை ஹாம்பர்க்கின் மேயர்.

தற்செயல்தான். பெயருக்கும் வேலைக்கும் இருந்த தொடர்பு அறுந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்தப் பெயரில் ஒரு புதிர் இருக்கிறது.

ஜெர்மனியில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தினால் முதல் பத்தும் ஏதாவது ஒரு வேலையையோ பொறுப்பையோ குறிப்பவை. ம்யூல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீன் பிடிப்பவர், வேபர் நெசவாளர், வாக்னர் வண்டி செய்பவர், பெக்கர் ரொட்டி சுடுபவர். மீதி மூன்று மையர், ஹோஃப்மன், ஷுல்ட்ஸ். இந்த மூன்றும் கைத்தொழில் அல்ல, நில நிர்வாகம் சார்ந்தவை. மையர் என்பவர் பிரபுவின் நிலத்தை அவர் சார்பில் மேற்பார்த்தவர். ஹோஃப்மன் பண்ணையோடு சேர்ந்த குடியானவர். ஷுல்ட்ஸ் ஊரை நிர்வகித்தவர்.

கொல்லரும் தையல்காரரும் ஏராளமாக இருந்திருப்பார்கள், அந்தப் பெயர்கள் பெருகியதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஷுல்ட்ஸ் ஊருக்கு ஒருவர்தான். அப்படியிருக்க, அந்தப் பெயர் எப்படி நாட்டின் முதல் பத்துக்குள் வந்தது? உழுது வாழ்ந்தவர்கள்தானே பெரும்பான்மை? ‘விவசாயி’ என்று பொருள்படும் பவுவர் என்ற பெயர் ஏன் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை?

இதற்கு முதலில் அந்தப் பதவி என்ன என்று பார்த்துவிடலாம்.

இன்று தேய்ந்துபோன வடிவத்தில் இருக்கும் ஷுல்ட்ஸின் முழு வடிவம் ஷுல்ட்ஹைஸ். பழைய உயர் ஜெர்மனில் ஸ்குல்த்ஹைத்ஸோ. முதல் பாதி ‘ஸ்குல்த்’, அதாவது கடன், கடப்பாடு, செலுத்த வேண்டியது. இரண்டாவது பாதி ‘கட்டளையிடு’ என்ற வினையிலிருந்து வருவது. ஆக, ‘கட்ட வேண்டியதைக் கட்டு என்று சொல்பவர்’. வரியோ தானியமோ உழைப்போ, பிரபுவுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குவது இவர் வேலை. வேலை மிகவும் பழையது. இத்தாலியில் ஆண்ட லாங்கோபார்ட் மன்னர் ரோதாரி 643-ல் தொகுத்த சட்டத்திலேயே இந்தச் சொல் லத்தீன் வாக்கியங்களுக்கு நடுவே ‘ஸ்குல்தாஹிஸ்’ என்று நுழைந்திருக்கிறது. எழுதிய குமாஸ்தாவுக்கு ஈடான லத்தீன் சொல் கிடைக்கவில்லை போலும்.

வசூலிப்பவர்தான் தகராறு வந்தால் தீர்ப்பவரும். அந்தக் காலத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்கே ஃபொன் ரெப்கோ தொகுத்த ‘ஸாக்ஸன்ஷ்பீகல்’ என்ற சட்ட நூலில் ஷுல்ட்ஹைஸ் பிரபுவின் நீதிமன்றத்தில் முக்கியமான ஆளாக வருகிறார். நீதிபதியாக உட்காரும் பிரபுவின் மீதே யாராவது வழக்குத் தொடுத்தால், அவர் ஷுல்ட்ஹைஸ் முன் நின்று பதில் சொல்ல வேண்டும் என்கிறது அந்த நூல்.

பெரிய நகரங்களில் இது பெரும் கௌரவப் பதவி. கவிஞர் கதேயின் தாய்வழித் தாத்தா ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் ஷுல்ட்ஹைஸாக இருந்தவர். யோஹான் வோல்ஃப்காங் டெக்ஸ்டர் என்பது அவர் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள். இந்த டெக்ஸ்டர் குடும்பத்தின் பழைய பெயர் வேபர், அதாவது நெசவாளர். படித்துப் பெரிய ஆளானதும் அதை லத்தீனில் டெக்ஸ்டர் என்று மாற்றிக்கொண்டார்கள். அதாவது பெயரில் நெசவாளர், பதவியில் ஷுல்ட்ஹைஸ். 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெயர் ஒரு பக்கமும் தொழில் ஒரு பக்கமும் போய்விட்டதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஆனால் இன்று ஷுல்ட்ஸ் என்ற பெயருடையவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் வந்தது நகரத்துக் கனவான்களிடமிருந்து அல்ல, கிராமத்திலிருந்து. அதுவும் குறிப்பாக எல்பே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த புதுக் கிராமங்களிலிருந்து.

12-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மன் பேசும் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே போய்க் குடியேறினார்கள். எல்பேக்கு அப்பால் பிராண்டன்பர்க், பொமரேனியா, சிலீசியா, பிரஷ்யா. அங்கே ஏற்கெனவே ஸ்லாவ் மக்களும் பிரஷ்யர்களும் வாழ்ந்தார்கள், எல்லாம் அமைதியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்லாவ் மன்னர்களே ஜெர்மன் குடியானவர்களை அழைத்த இடங்களும் உண்டு. காரணம் எளிது. காடாகவும் சதுப்பாகவும் கிடக்கும் நிலத்திலிருந்து வரி வராது. அதைத் திருத்தி உழ ஆள் வேண்டும்.

ஆளை யார் கூட்டி வருவது? இதற்கென்றே ஒரு தரகர் இருந்தார். லத்தீன் ஆவணங்களில் அவர் பெயர் லோகேட்டர். மக்டபர்க் பேராயர் விக்மன் 1159-ல் வுஸ்டர்விட்ஸ் என்ற இடத்தில் ஃப்ளெமிஷ் மக்களைக் குடியேற்றியபோது அந்தப் பொறுப்பை ஹைன்ரிஷ் என்பவரிடம்தான் கொடுத்தார். பிரபுவோ பேராயரோ லோகேட்டரோடு ஒப்பந்தம் போடுவார். லோகேட்டர் மேற்கே போய், நிலமில்லாத இளைய மகன்களையும் வெள்ளத்தில் வயலை இழந்தவர்களையும் பேசிச் சேர்த்துக் கூட்டி வருவார். நிலத்தை அளந்து ஹூஃபேக்களாகப் பிரிப்பார். ஹூஃபே என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். ஃப்ளெமிஷ் அளவில் சுமார் 17 ஹெக்டேர், இடத்துக்கு இடம் மாறும். காட்டை வெட்டித் திருத்தும்வரை குடியானவர்களுக்குச் சில ஆண்டுகள் வரி கிடையாது. அப்புறம் வரி தொடங்கும்.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஸாக்ஸன்ஷ்பீகலின் ஹைடல்பெர்க் படப்பிரதியில் இந்தக் காட்சியே ஓவியமாக இருக்கிறது. பிரபு பத்திரத்தை நீட்டுகிறார், ஊர் அமைப்பவர் வாங்கிக்கொள்கிறார், பின்னால் ஆட்கள் மரத்தை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்ட லோகேட்டருக்கு என்ன லாபம்? இந்தப் பெயரின் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. ஊர் அமைந்ததும் லோகேட்டர் அங்கேயே தங்கி ‘ஷுல்ட்ஸே’ ஆகிவிடுவார், ஷுல்ட்ஸின் இன்னொரு வடிவம்தான் அது. மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ ஹூஃபே என்றால் அவருக்குப் பல, அதுவும் வரியில்லாமல். ஊர் நீதிமன்றத்தில் விதிக்கும் அபராதத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, மீதி பிரபுவுக்கு. பல ஊர்களில் மாவு ஆலையோ சாராயக்கடையோ நடத்தும் உரிமையும் சேரும். பதிலுக்கு வரியை வசூலித்துக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் போர் வந்தால் பிரபுவுக்காகக் குதிரையோடு போக வேண்டும். இந்த உரிமைகள் எல்லாம் பரம்பரையாகத் தொடரும் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பிறகு மகன். மகன் இல்லாவிட்டால் நிலத்தை விற்கலாம், வாங்கியவர் ஷுல்ட்ஸே. பதவி ஆளோடு போகவில்லை, நிலத்தோடு போனது.

நம் ஊர்களில் பரம்பரை மணியக்காரர் இருந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புரிவதில் சிரமம் இருக்காது. அறிவிப்புக் கொடுக்கும் முறைகூடச் சுவையானது: ஷுல்ட்ஸே ஒரு கோலையோ வளைந்த கட்டையையோ பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அது வீடு வீடாகக் கைமாறி ஊரைச் சுற்றி வரும். வந்து சேர்ந்தால் கூட்டம் என்று அர்த்தம்.

இப்போது புதிருக்கு வரலாம். குடும்பப் பெயர் ஜெர்மன் கிராமங்களில் வேரூன்றியது இதே காலத்தில்தான். ரைன் நதிக்கரை நகரங்களில் 12-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. கிராமங்களுக்குப் பரவ இன்னும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. அது வரை யோஹான், ஹைன்ரிஷ், பேட்டர் என்று ஒரு பெயர்தான். ஊரில் ஐந்து யோஹான்கள் இருந்தால் எந்த யோஹான் என்று சொல்ல ஏதாவது ஒட்டு வேண்டும். வரிப் பேரேடு எழுதுபவருக்கு அது இன்னும் அவசியம்.

அந்த ஒட்டு ஆளை அடையாளம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. எல்லோரும் உழும் ஊரில் ‘விவசாயி யோஹான்’ என்று சொன்னால் யாரென்று தெரியாது. ‘ஷுல்ட்ஸே யோஹான்’ என்றால் உடனே தெரியும், ஏனென்றால் ஊரில் ஒருவர்தான். ஆக, அரிதாக இருந்ததுதான் அந்தப் பெயருக்குப் பலம். கொல்லருக்கும் ஆலைக்காரருக்கும் இதே கணக்குதான்: ஊருக்கு ஒரு கொல்லர், ஒரு ஆலை. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான ஊர்கள். ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக ஒரு ஷுல்ட்ஸையும் ஒரு ஷ்மிட்டையும் உண்டாக்கியது. அதனால் இரண்டு ஷுல்ட்ஸ்கள் சந்தித்துக்கொண்டால் உறவாக இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. முதல் மூதாதை ஒருவர் அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள்.

பதவி ஒரு மகனுக்குத்தான் போகும், பெயரோ எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். மூத்தவன் நிலத்தையும் கோலையும் வைத்துக்கொள்ள, இளையவர்கள் வேறு ஊரில் தச்சராகவோ சிப்பாயாகவோ கூலியாளாகவோ பிழைத்தார்கள், பெயரில் மட்டும் ஊர்த் தலைவர்களாக. வசதியான வீடு என்பதால் பிள்ளைகள் பிழைத்து வளரும் வாய்ப்பும் மற்ற வீடுகளைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஷுல்ட்ஸே வீட்டில் வேலை பார்த்தவருக்கு அந்த வீட்டின் பெயரே ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பெயரைப் பார்த்து ‘எங்கள் முன்னோர் ஊரை ஆண்டவர்’ என்று மார்தட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

மேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் கதை சற்று வேறு. அங்கே ஷுல்டே என்பவர் புது ஊரை அமைத்தவர் அல்ல. மடத்துக்கோ பிரபுவுக்கோ சொந்தமான தலைமைப் பண்ணையை நடத்தி, சுற்றியிருந்த சிறு பண்ணைகளிலிருந்து வரவேண்டியதைச் சேர்த்துக் கொடுத்தவர். அங்கே பெயர் ஆளைவிடப் பண்ணையோடுதான் ஒட்டியிருந்தது. பண்ணைக்கு வாரிசாக மகள் மட்டும் இருந்து, வெளியிலிருந்து மருமகன் வந்தால், அவர் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். ஷுல்டே, ஷுல்ட்ஸே என்று தொடங்கிப் பின்னால் பண்ணையின் பெயர் வரும் இரட்டைப் பெயர்கள் இன்றும் அந்தப் பக்கம் நிறைய உண்டு.

ஷுல்டே, ஷுல்ட்ஸே என்ற வேறுபாடு மொழி வரலாற்றிலிருந்து வருவது. தெற்கிலும் நடுவிலும் பேசிய ஜெர்மனில் பழைய ட ஒலி பல சொற்களில் ஸ-வாகவும் ட்ஸ-வாகவும் மாறியது. வடக்கே தாழ்நிலத்தில் மாறவில்லை. தண்ணீருக்குத் தெற்கே வஸ்ஸர், வடக்கே வாட்டர் என்பதும் இதனால்தான். சிலீசியாவில் உகரம் ஒகரமாகி ஷோல்ட்ஸ். தென்மேற்கே ஸ்வாபியாவில் ஷுல்டெஸ், ஷுல்ட்ஹைஸ். பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டில் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே குடும்பத்தில் அப்பா ஒரு விதமாகவும் மகன் வேறு விதமாகவும் எழுதப்பட்டதுண்டு. 1876-ல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தபோதுதான் அன்றைக்கு எந்த எழுத்தில் இருந்ததோ அது நிலைத்துப்போனது.

இந்த வடிவங்களை வைத்து ஒருவர் முன்னோரின் வட்டாரத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் 1945-க்குப் பிறகு அது சிக்கலாகிவிட்டது. போர் முடியும் தறுவாயிலும் முடிந்த பிறகும் சிலீசியா, பொமரேனியா போன்ற கிழக்குப் பகுதிகளிலிருந்து சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் தப்பியோடினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். சிலீசியாவின் ஷோல்ட்ஸ்கள் ஜெர்மனி முழுவதும் சிதறிப்போனார்கள்.

படித்தவர்கள் செய்த வேலை இன்னொன்று. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பெயரை லத்தீனாக்கிக்கொள்வது பெரிய மோகம். ஷுல்ட்ஸே ஸ்குல்டேட்டஸ் ஆனார், அல்லது ரோமானிய அதிகாரியின் பெயரால் பிரேடோரியஸ் ஆனார். இசையமைப்பாளர் மிகாயேல் பிரேடோரியஸின் குடும்பப் பெயர் ஷுல்ட்ஹைஸ்தான். 1540-ல் பிறந்த வானியலாளர், வரைபடக்காரர் பார்த்தலோமியஸ் ஸ்குல்டேட்டஸ் கோர்லிட்ஸ் நகர மேயராகவும் இருந்தார். உல்ம் நகர அறுவை மருத்துவர் யோஹான்னஸ் ஸ்குல்டேட்டஸ் பெயரில் வயிற்றைச் சுற்றிப் போடும் பல வால் கட்டு ஒன்று இருக்கிறது, செவிலியர் பாடப்புத்தகங்களில் பார்த்திருக்கலாம்.

தமிழுக்கும் ஒரு ஷுல்ட்ஸே வந்திருக்கிறார். பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்துவந்த பாதிரியார் சீகன்பால்கு 1719-ல் தரங்கம்பாடியில் இறந்தபோது, பழைய ஏற்பாடு ரூத் என்ற பகுதி வரைதான் வந்திருந்தது. அந்த ஆண்டே வந்து சேர்ந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸே அதை முடித்தார். 1728-க்குள் அச்சும் முடிந்தது. அவர் பிறந்தது பிராண்டன்பர்க்கின் கிழக்கே நொய்மார்க் பகுதியில், ஸொன்னன்பர்க் என்ற ஊரில். மேலே சொன்ன கிழக்குக் குடியேற்றத்தின் நிலம் அது, ஷுல்ட்ஸே என்ற பெயர் அங்கே எதிர்பார்க்க வேண்டியதுதான். மெட்ராஸில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1743-ல் ஜெர்மனி திரும்பினார். ஹாலே நகரில் தமிழ் பைபிளை அச்சிட அவர் முயன்றபோது, உதவிக்காகத் தமிழ் படித்த இளைஞர் அதே ஸொன்னன்பர்க்கில் 1726-ல் பிறந்தவர். தஞ்சை மன்னர் சரபோஜியின் ஆசானாக நாம் அறிந்த சுவார்ட்ஸ்தான் அவர். அவர் பெயர் தொழிற்பெயர் அல்ல. ‘கறுப்பு’ என்று பொருள், முடியின் நிறத்தாலோ தோலின் நிறத்தாலோ வந்திருக்கும்.

அந்த ஸொன்னன்பர்க் இன்று போலந்தில் ஸ்வோன்ஸ்க். பதவியின் பிற்காலக் கதையும் போலந்துக்குத்தான் போகிறது. பிரஷ்யாவில் 1872-ஆம் ஆண்டின் மாவட்டச் சட்டம் நிலத்துக்கும் ஷுல்ட்ஸே பதவிக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது. வ்யூர்ட்டம்பெர்க்கில் கிராமத் தலைவரை 1930 வரை ஷுல்ட்ஹைஸ் என்றே அதிகாரபூர்வமாக அழைத்தார்கள், அதன் பிறகு அங்கும் மேயர் என்ற பொதுப்பெயர் வந்துவிட்டது. ஜெர்மனியில் பதவி போய்ப் பெயர் மிஞ்சியது. போலந்திலோ பதவி மிஞ்சியது. ஜெர்மன் குடியேற்றக்காரர்களிடமிருந்து போலிஷ் மொழி எடுத்துக்கொண்ட ‘சோவ்டிஸ்’ என்ற சொல்தான் இன்றும் அங்கே கிராமத் தலைவருக்குப் பெயர். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இப்படிச் சுமார் 40,000 கிராமப் பிரிவுகள் அந்த நாட்டில் உண்டு. ஹங்கேரியின் ஷோல்டேஸ், ஸ்லோவாக்கியாவின் ஷோல்ட்டேஸ் ஆகிய குடும்பப் பெயர்களும் இதே கிளையில் முளைத்தவை.

ஜெர்மனியில் பெயர் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதால் அது செய்ய வந்த வேலையையே செய்ய முடியாமல் போனது. ‘ம்யூல்லர், மையர், ஷுல்ட்ஸே’ என்று சேர்த்துச் சொன்னால் ‘யாரோ நாலு பேர்’ என்று அர்த்தம். 1848-ல் பெர்லினில் கூடிய பிரஷ்ய தேசிய சபைக்கு ஹெர்மன் ஷுல்ட்ஸே என்ற நீதிபதி தேர்வானார். சபையில் ஷுல்ட்ஸேக்கள் பலர். குழப்பத்தைத் தவிர்க்க அவர் பெயரோடு அவர் ஊரான டேலிட்ஷையும் சேர்த்தார்கள். ஷுல்ட்ஸே டேலிட்ஷ் என்ற அந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிற்சி படித்த யாரும் தேர்வுக்காக ஒரு முறையாவது மனப்பாடம் செய்திருப்பார்கள்.

1849-ல் டேலிட்ஷின் கைவினைஞர்களுக்கு மூலப்பொருள் வாங்கும் சங்கமும், 1850-ல் கடன் சங்கமும் தொடங்கியவர் அவர். நகரத்துச் சிறு வியாபாரிகளும் தொழிலாளர்களும் பங்கு போட்டுச் சேர்ந்து கடன் பெறும் முறை அது. அவருக்குப் போட்டியாகக் கிராமத்து முறையை உருவாக்கியவர் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன். பங்குத்தொகை முக்கியமில்லை, ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் வரம்பில்லாத பொறுப்போடு சேர வேண்டும் என்பது இவர் வழி. இந்த இருவரில் நிஜமாகவே ஊர்த் தலைவராக இருந்தவர் ரைஃபைசன்தான். 1845-ல் வையர்புஷ் பகுதியின் மேயரானார், பிறகு வேறு இரண்டு இடங்களிலும். ஷுல்ட்ஸே என்ற பெயர் மற்றவருக்கு.

சென்னை மாகாண அரசு ஐரோப்பிய வேளாண் வங்கிகளைப் பார்த்து வரும்படி ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் சொன்னது. 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக வந்த அவருடைய அறிக்கை இரண்டு முறைகளையும் அலசி, ரைஃபைசனைத் தேடிப் பிடியுங்கள் என்று முடிந்தது. 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் கிராமச் சங்கத்துக்கு ரைஃபைசன் முறையையும் நகரச் சங்கத்துக்கு ஷுல்ட்ஸே டேலிட்ஷ் முறையையும் மாதிரியாகக் கொண்டது. அந்த ஆண்டே திருவள்ளூர் பக்கம் திரூரில் கிராமச் சங்கம் பதிவானது. நகரச் சங்கம் அக்டோபரில் காஞ்சிபுரத்தில் வந்தது.